கூரைமேல் ஏறும் முன் ஷீட்டைத் திறங்கள்: கணக்கு ஷீட், மென்பொருள், வீட்டுச் சோலார் கோளாறுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஒரு வருடக் கணக்கைப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்த அன்றுதான் என் வீட்டுச் சோலார் 'படுத்துவிட்டது'. ஆப்பிலிருந்து 365 நாள் உற்பத்தியை ஒரு சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) இறக்கி, ஷீட்டில் திறந்து, மாதவாரியாகக் கூட்டினேன். நாளுக்குச் சராசரியாக 13 யூனிட் தரும் அமைப்பு அது. மாதத்துக்கு 390 பக்கம் வர வேண்டும்; வந்தது 156. ஒரு மாதம் இரண்டு மாதம் இல்லை, பன்னிரண்டு மாதமும் அப்படியே. பேனலில் அழுக்கு என்று முடிவுகட்டி, மறுநாள் விடியலில் வாளியும் துடைப்பானுமாகக் கூரைமேல் ஏறிக் கழுவித் தள்ளினேன். இறங்கி வந்து மறுபடி கூட்டினால் அதே 156. போன வருடத்துக் கணக்கு இன்று கழுவினால் எப்படி மாறும் என்று கேட்காதீர்கள். பதற்றத்தில் நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

அப்புறம்தான் உறைத்தது: மழை மாதமும் கோடை மாதமும் எப்படி ஒரே உயரத்தில் நிற்கும்?

கோப்பில் தேதி நாள்/மாதம்/வருடம் என்று இருந்தது. என் கணினியோ மாதம்/நாள்/வருடம் என்று படிக்கும் அமைப்பில் இருந்தது. 05/07 என்ற ஜூலை 5, சத்தமில்லாமல் மே 7 ஆகிவிட்டது. 13/07 வந்தபோது பதிமூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால், அதைத் தேதியாகவே எடுக்காமல் வெறும் எழுத்தாக வைத்துவிட்டது. ஆக, ஒவ்வொரு மாதத்திலும் முதல் 12 நாள்தான் தேதியாகப் பிழைத்தது. அவையும் இடம் மாறி, ஆளுக்கொரு மாதத்தில் போய் உட்கார்ந்தன. ஒவ்வொரு மாதக் கூட்டிலும் பன்னிரண்டு மாதங்களிலிருந்தும் ஒவ்வொரு நாள். 12 × 13 = 156. பேனலுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

முதல் பத்து நிமிடம்: கோளாறு எந்த அடுக்கில்?

அன்றிலிருந்து எந்தக் கோளாறு வந்தாலும் ஒரே கேள்வியில்தான் தொடங்குகிறேன். பொருள் கெட்டதா, அதை அளக்கும் கருவி கெட்டதா, அளவைக் காட்டும் திரை கெட்டதா? பேனல் என்பது பொருள். இன்வெர்ட்டரும் (பேனலின் நேர் மின்சாரமான டிசியை வீட்டுக்கு வேண்டிய ஏசியாக மாற்றும் பெட்டி) மீட்டரும் அளப்பவை. ஆப்பும் ஷீட்டும் காட்டுபவை. மூன்றாவது அடுக்கில் இருக்கும் தப்புக்கு முதல் அடுக்கைப் பிரித்துப் போடுவதுதான் நாம் வழக்கமாகச் செய்வது.

அடுக்கைக் கண்டுபிடிக்க, ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் பாருங்கள். ஆப் இன்று 9 யூனிட் என்கிறதா? இன்வெர்ட்டரின் சின்னத் திரையிலும் இன்றைய யூனிட் இருக்கும், அதைப் படியுங்கள். ஷீட்டில் கூட்டுத்தொகை குறைகிறதா? அதே எண்களில் ஐந்தை மட்டும் எடுத்துக் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். ஒரு இணையதளம் திறக்கவில்லையா? கைபேசியில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் திறங்கள். இரண்டு இடமும் ஒரே பதில் சொன்னால் கோளாறு கீழ் அடுக்கில். பதில் வேறுபட்டால், அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ.

இதைச் செய்யும்போது ஒரு தாளில் மூன்று வரி எழுதிக்கொள்ளுங்கள்: கடைசியாக எப்போது ஒழுங்காக இருந்தது, அதற்குப் பிறகு என்ன மாறியது, எப்போதும் வருகிறதா அல்லது சில நேரம் மட்டுமா. 'எதுவுமே மாறவில்லை' என்று எல்லோரும் சொல்வோம். புது ரூட்டர், தானாக ஏறிய அப்டேட், பக்கத்து வீட்டில் எழும்பிய மாடி எல்லாம் மாற்றம்தான். இன்னொரு விதியும் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த தடவை மறுபடி முதலிலிருந்து.

ஷீட்: எண் போல இருப்பதெல்லாம் எண் இல்லை

ஷீட் கோளாறுகளில் பெரும்பங்கு ஃபார்முலாவில் இருக்காது, செல்லுக்குள் கிடக்கும் சரக்கில் இருக்கும். எழுத்தாகச் சேமிக்கப்பட்ட 250ஐ 'சம்' ஃபார்முலா கண்டுகொள்ளாது. பிழை என்றும் சொல்லாது, சும்மா தாண்டிப் போய்விடும். இதுதான் மோசம்.

கண்டுபிடிக்கும் வழி இது. அந்த நெடுவரிசைக்கு இடது, வலது ஒழுங்கு எதுவும் கொடுத்திருந்தால் அதை நீக்குங்கள். உண்மையான எண்களும் தேதிகளும் வலப்பக்கம் ஒட்டும், எழுத்துகள் இடப்பக்கம் ஒட்டும். அடுத்து, பக்கத்தில் இரண்டு செல்லில் 'கவுன்ட்', 'கவுன்ட்ஏ' என்ற இரண்டு ஃபார்முலாவையும் போடுங்கள். முதலாவது எண்களை மட்டும் எண்ணும். இரண்டாவது காலியாக இல்லாத எல்லாவற்றையும் எண்ணும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அந்த வித்தியாசம்தான் திருடன். என் சோலார் கோப்பில் தேதி நெடுவரிசைக்கு 144, 365 என்று வந்தது. 12 × 12 = 144 என்பதைப் பார்த்த அந்த நொடியிலேயே கதை புரிந்துவிட்டது.

எண்ணாக மாற்ற, காலி செல் ஒன்றில் 1 என்று அடித்துக் காப்பி செய்யுங்கள். பிறகு கெட்ட செல்களைத் தேர்ந்து, பேஸ்ட் ஸ்பெஷலில் 'மல்டிப்ளை' கொடுங்கள். ஒன்றால் பெருக்கும் சாக்கில் எழுத்து எண்ணாகிவிடும். அப்படியும் மாறவில்லை என்றால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒன்று ஒளிந்திருக்கலாம். இணையப் பக்கத்திலிருந்து ஒட்டியவற்றில் இது சகஜம். அது சாதாரண இடைவெளி இல்லை, உடையா இடைவெளி. எழுத்துக் குறியீட்டில் அதன் எண் 160. தேவையற்ற இடைவெளிகளை வெட்டும் 'ட்ரிம்' ஃபார்முலா அதைத் தொடாது. செல்லுக்குள் போய் அந்த இடைவெளியை மட்டும் தேர்ந்து காப்பி செய்து, தேடி மாற்றும் பெட்டியில் மேலே ஒட்டி, கீழே எதுவும் போடாமல் எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

இதற்கு நேர்மாறான வியாதியும் உண்டு: எழுத்தாக இருக்க வேண்டியதை ஷீட் எண்ணாக்கிவிடுவது. முன்னால் பூஜ்யம் உள்ள தொலைபேசி எண், பூஜ்யத்தை இழக்கும். 16 இலக்க அட்டை எண்ணில் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும், ஏனென்றால் எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். போன இலக்கம் போனதுதான், வடிவத்தை மாற்றினால் திரும்பாது. எனவே, அடிக்கும் முன்பே நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' வகையாக்கிவிட வேண்டும். இந்தத் தானியங்கி மாற்றத்தோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு 2020இல் பெயர்களையே மாற்றிவிட்டது. 'மார்ச்1' என்ற மரபணுவை ஷீட் மார்ச் 1ஆம் தேதி ஆக்கிக்கொண்டிருந்ததால் அது 'மார்ச்எஃப்1' ஆனது. விஞ்ஞானிகளே பணிந்துபோன இடம் இது.

தேதி

ஷீட்டுக்குத் தேதி என்பது ஒரு நாள்-எண். எக்செல்லில் 1900 ஜனவரி 1 என்பது 1. 2024 ஜனவரி 1 என்பது 45292. தேதி இருக்க வேண்டிய செல்லில் 45292 என்று நின்றால் எதுவும் கெடவில்லை, வடிவத்தைத் 'தேதி' என்று மாற்றினால் போதும். ##### என்று வந்தால் அநேகமாக நெடுவரிசை குறுகல், ஓரத்தை இழுத்துவிடுங்கள். ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்கு ஒட்டியதும் எல்லாத் தேதியும் நான்கு வருடமும் ஒரு நாளும் தள்ளி நின்றால், ஒரு கோப்பு 1904ஐத் தொடக்கமாகக் கொண்டது என்று அர்த்தம். பழைய மேக் கோப்புகளில் இருக்கும். 1,462ஐக் கூட்டியோ கழித்தோ சரிசெய்யலாம்.

நாளும் மாதமும் இடம் மாறிய கோப்பை ஷீட்டுக்குள் வைத்து ஒட்டுப்போட முயலாதீர்கள். சில செல் மாறியிருக்கும், சில மாறாமல் எழுத்தாக இருக்கும். எதையாவது ஒன்றை மறந்துவிடுவோம். மூலக் கோப்பிலிருந்து மறுபடி தொடங்குவதுதான் சுருக்கு வழி:

1. திறந்திருக்கும் ஷீட்டைச் சேமிக்காமல் மூடுங்கள். சேமித்தால் மூல சிஎஸ்வியே தப்பான தேதியோடு எழுதப்பட்டுவிடும்.
2. கோப்பை இருமுறை தட்டித் திறக்காதீர்கள். காலி ஷீட் ஒன்றைத் திறந்து, 'டேட்டா' பட்டியலில் கோப்பிலிருந்து இறக்கும் வழியில் போங்கள்.
3. தேதி நெடுவரிசைக்கு நாள்-மாதம்-வருடம் என்ற வரிசையை நீங்களே குறிப்பிடுங்கள். கூகுள் ஷீட்ஸ் என்றால், இறக்குவதற்கு முன்பே அமைப்புகளில் 'லொகேல்' எந்த நாடு என்று பார்த்துச் சரிசெய்துவிடுங்கள்.
4. இறக்கியதும் முதல் வரிசையைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். 12ஆம் தேதியும் 13ஆம் தேதியும் அடுத்தடுத்து வரும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். தப்பு இருந்தால் அங்கேதான் பல்லிளிக்கும்.

ஃபார்முலா சரி, விடை தப்பு

எண்ணை மாற்றினாலும் கூட்டுத்தொகை அசையவில்லையா? கணக்கிடும் முறை 'மேனுவல்' ஆகியிருக்கும். எஃப்9 அழுத்திப் பாருங்கள். விடை மாறினால் அதுதான். இதில் ஒரு தொற்று குணம் உண்டு. எக்செல்லை அன்று திறந்ததும் முதலில் எந்தக் கோப்பைத் திறந்தீர்களோ, அதன் முறைதான் அடுத்தடுத்துத் திறக்கும் எல்லாக் கோப்புக்கும். யாரோ அனுப்பிய கோப்பு ஒன்றால் உங்கள் கோப்புகளும் உறைந்து நிற்கும்.

பட்டியலில் ஒரு பெயரைத் தேடி அதற்கு நேரே உள்ள விவரத்தை எடுத்துத் தரும் 'விலுக்அப்' ஃபார்முலா தப்பான ஆளின் சம்பளத்தை எடுத்து வந்து நீட்டினால், கடைசி இடத்தில் 'ஃபால்ஸ்' போட்டீர்களா என்று பாருங்கள். அதை விட்டுவிட்டால் தோராயமான பொருத்தம் போதும் என்று எடுத்துக்கொள்ளும். பட்டியல் அகரவரிசையில் இல்லாவிட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்லும். வடிகட்டிய பட்டியலில் கூட்டு அதிகமாக வந்தால், 'சம்' மறைந்திருக்கும் வரிசைகளையும் சேர்த்துத்தான் கூட்டுகிறது. 'சப்டோட்டல்' ஃபார்முலாவில் 9 கொடுங்கள். கையால் மறைத்தவற்றையும் விட வேண்டுமென்றால் 109.

பைசா கணக்கு இடிப்பதும் பழைய தலைவலிதான். ஒரு செல்லில் 43.1லிருந்து 43.2ஐக் கழித்து 1 கூட்டி, தசம இடங்களை 15 வரை நீட்டிப் பாருங்கள். 0.9க்குப் பதில் 0.899999999999999 நிற்கும். கணினி எண்களை இரண்டின் அடுக்குகளில் வைத்திருக்கிறது. மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் முடிவில்லாமல் எழுதுவதுபோல, பத்தில் ஒரு பங்கு அதற்கு முடியாத பின்னம். 'இரண்டும் சமமா' என்று ஒப்பிடும் இடங்களில் 'ரவுண்ட்' போட்டு இரண்டு தசமத்துக்கு வெட்டிவிட்டு ஒப்பிடுங்கள்.

பிழைச் சொற்களில் 'ரெஃப்' வந்தால் ஃபார்முலா சுட்டிய செல் அழிக்கப்பட்டுவிட்டது. 'நேம்' என்றால் பெயரில் எழுத்துப்பிழை. 'வேல்யூ' என்றால் எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து. இவற்றை 'இஃப்எரர்' போட்டு மூடி மறைக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. புகை வருகிறது என்று அலாரத்தின் பேட்டரியைக் கழற்றுவது போன்றது அது. முதலில் காரணத்தைச் சரிசெய்யுங்கள், பிறகு அழகுக்கு வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம்.

வரிசைகள் பாதியில் காணாமல் போனால் கோப்பு வகையைப் பாருங்கள். பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பில் 65,536 வரிசைதான். புதிய எக்ஸ்எல்எஸ்எக்ஸில் 10,48,576. 2020 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் தினசரிக் கணக்கில் ஏறாமல் போனதற்கு இந்தப் பழைய எல்லைதான் காரணமாகச் சொல்லப்பட்டது.

தமிழ் உடைந்து தெரிந்தால்

சிஎஸ்வி கோப்பில் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் குறிகளும் கொம்புகளுமாகச் சிதறித் தெரிந்தால் தரவு பத்திரமாகத்தான் இருக்கிறது. படிக்கும் முறைதான் தப்பு. மேலே சொன்ன இறக்கும் வழியில் போய், கோப்பின் குறியாக்கம் என்ற இடத்தில் யுடிஎஃப்-8 (எண் 65001) தேர்ந்தால் தமிழ் எழுந்து நிற்கும். அப்படியும் ஆங்கில எழுத்துகளாகவே தெரிந்தால் அது யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு ஒன்றில் அடித்தது. எழுத்துருவைத் தேடி அலைவதைவிட யூனிகோடாக மாற்றிவைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு நுணுக்கமான வம்பு. 'கொ' என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாக வைத்துக்கொள்ளலாம். க-வோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்ப்பது ஒரு விதம். க-வோடு ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொரு விதம். திரையில் இம்மியும் வித்தியாசம் தெரியாது. நீளத்தை எண்ணும் 'லென்' ஃபார்முலா போட்டுப் பார்த்தால் முதலாவதற்கு 2, இரண்டாவதற்கு 3. குறியீட்டை மட்டும் ஒப்பிடும் மென்பொருளுக்கு இவை வேறு வேறு சொற்கள். பட்டியலில் 'கொடிமலர்' கண்ணெதிரே இருந்தும் தேடலில் சிக்கவில்லை என்றால், இரண்டு பேர் இரண்டு விசைப்பலகையில் அடித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள்.

மென்பொருள் முரண்டு பிடித்தால்

பிழைச் செய்தியை மூடும் முன் படியுங்கள். விண்டோஸின் சாதாரணச் செய்திப் பெட்டி திறந்திருக்கும்போதே கன்ட்ரோலையும் சி-யையும் அழுத்தினால், அதில் உள்ள வாசகம் முழுவதும் காப்பி ஆகிவிடும். கையால் எழுதவோ படம் எடுக்கவோ வேண்டாம். அப்படியே தேடலில் ஒட்டலாம்.

'அணைத்துப் போட்டுப் பார்த்தீர்களா' என்று கேட்டால் கோபப்படாதீர்கள், ஆனால் எப்படி அணைத்தீர்கள் என்பதில் விஷயம் இருக்கிறது. விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று வந்தது. அது இயங்கினால், 'ஷட் டவுன்' கொடுத்தாலும் இயங்குதளத்தின் மையப் பகுதி தூங்கத்தான் போகிறது. காலையில் அதே உடம்பு வலியோடு எழுந்திருக்கும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் முழுக்க இறங்கி ஏறும். 'நான்தான் தினமும் அணைக்கிறேனே' என்பவர்களுக்கு ரீஸ்டார்ட் மந்திரம்போல வேலை செய்வது இதனால்தான்.

அடுத்து இரண்டு சில்லறைச் சோதனைகள். நிறைய நேரம் மிச்சமாகும். ஒன்று, கடிகாரம். தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்பான இணையதளங்கள் எல்லாம் 'சான்றிதழ் செல்லாது' என்று அடம்பிடிக்கும். மேசைக் கணினியில் ஒவ்வொரு முறையும் தேதி பின்னால் போனால் மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்திருக்கும். இரண்டு, வட்டில் இடம். நிரம்பி வழியும் வட்டில் எந்த மென்பொருளும் விநோதமாகத்தான் நடந்துகொள்ளும்.

அதற்கும் மசியவில்லை என்றால், கூட்டத்தைப் பாதியாகப் பிரியுங்கள். எக்செல் திறக்கும்போது கன்ட்ரோலை அழுத்திப் பிடித்தால் கூடுதல் செருகல்கள் எதுவும் இல்லாமல் திறக்கவா என்று கேட்கும். அப்போது ஒழுங்காக ஓடினால் குற்றவாளி செருகல்களில் ஒன்று. 16 இருந்தால் ஒவ்வொன்றாக அணைக்க வேண்டாம். எட்டை அணையுங்கள், கோளாறு போனால் அந்த எட்டில், போகாவிட்டால் மற்ற எட்டில். இப்படிப் பாதி பாதியாகப் போனால் நான்கே சுற்றில் ஆள் சிக்கிவிடும். உலாவி நீட்டிப்புகளுக்கும் இதே வித்தை. மறைநிலைச் சாளரத்தில் தளம் ஒழுங்காகத் திறந்தால் நீட்டிப்பையோ பழைய குக்கியையோ சந்தேகப்படலாம்.

கணினியில் புதிதாக ஒரு பயனர் கணக்கு உருவாக்கி அதில் மென்பொருளைத் திறந்து பார்ப்பதும் நல்ல சோதனை. அங்கே ஓடினால் மென்பொருள் நன்றாக இருக்கிறது. உங்கள் கணக்கின் அமைப்புகள்தான் பாழ். நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது எனக்குக் கடைசி வழி. நீக்கும்போது பழைய அமைப்புக் கோப்புகள் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். அரை நாள் செலவழித்து அதே கோளாறை மறுபடி நிறுவிக்கொள்வோம்.

'இந்தக் கோப்பை வேறொருவர் திறந்திருக்கிறார்' என்று வருகிறது, அந்த வேறொருவர் நீங்களேதான் என்றால், கோப்பு இருக்கும் இடத்தில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். ~$ என்று தொடங்கும் குட்டிக் கோப்பு ஒன்று போன தடவை எக்செல் பாதியில் விழுந்தபோது பின்தங்கியிருக்கும். எங்கும் திறந்திருக்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு அதை அழித்துவிடலாம்.

சோலார்: கை வைக்கக்கூடாத இடங்கள் முதலில்

ஷீட்டில் தப்பு செய்தால் கன்ட்ரோல்-இசட் உண்டு. இங்கே இல்லை. வெயில் இருக்கும்வரை பேனலில் மின்சாரம் உண்டு. வீட்டு மெயினை அணைத்தாலும், இன்வெர்ட்டரையே அணைத்தாலும், பேனலிலிருந்து இறங்கும் டிசி கம்பிகள் உயிரோடுதான் இருக்கும், பல அமைப்புகளில் நூற்றுக்கணக்கான வோல்ட்டில். டிசி மின்சாரத்தில் ஒரு இணைப்பை ஓட்டத்தின் நடுவே பிடுங்கினால் பொறி விட்டுவிட்டு அணையாது, தீப்பந்தமாக நீண்டு எரியும். ஆகவே பேனல் இணைப்பிகளைக் கழற்றுவது, இன்வெர்ட்டர் மூடியைத் திறப்பது, கருகிய கம்பியைத் தொடுவது மூன்றும் நமக்கு வேண்டாம். பயிற்சி பெற்ற ஆள் செய்யட்டும்.

நாம் செய்யக்கூடியது, ஒழுங்காக அணைத்துப் போடுவது. பெரும்பாலான இன்வெர்ட்டர்களில் வரிசை இது: முதலில் ஏசி பிரேக்கரை அணையுங்கள், பிறகு டிசி ஐசோலேட்டரை (பேனலிலிருந்து வரும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்). திரை அணைந்த பிறகும் உள்ளே கெபாசிட்டர்களில் மின்சாரம் தேங்கியிருக்கும். இன்வெர்ட்டரின் ஒட்டுவில்லையில் எத்தனை நிமிடம் என்று போட்டிருப்பார்கள், அத்தனை நிமிடம் காத்திருங்கள். போடும் வரிசையும் அந்த ஒட்டுவில்லையிலோ கையேட்டிலோ இருக்கும். நான் சொல்வதும் அதுவும் வேறுபட்டால் அதையே கேளுங்கள்.

ஒரு தவறான பயத்தையும் நீக்கிவிடலாம். கரண்ட் போனதும் சோலாரும் நின்றுவிட்டது என்பது கோளாறு அல்ல. வெளி லைனோடு சேர்ந்து ஓடும் இன்வெர்ட்டர், லைன் செத்ததும் தானும் நிற்க வேண்டும். இல்லையென்றால் லைனைச் சரிசெய்ய ஏறியவர் உயிருக்கு ஆபத்து. கரண்ட் திரும்பிய பிறகும் சில நிமிடம் லைனைக் கவனித்துவிட்டுத்தான் சேரும். அந்த நேரத்தில் ஸ்விட்சைப் போட்டு எடுத்து விளையாடினால் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும்.

வரைபடத்தின் வடிவம் சொல்லும் கதை

ஆப்பில் ஒரு நாள் உற்பத்தியின் வரைபடம் இருக்கும். மொத்த யூனிட்டைவிட அந்தக் கோட்டின் வடிவம்தான் எனக்கு அதிகம் சொல்கிறது. மேகமில்லாத நாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மேகம் வந்த நாளின் கோடு கோழி கிளறியது போல இருக்கும், அதிலிருந்து எதையும் படிக்க முடியாது.

நல்ல அமைப்பில் காலையில் ஏறி, நண்பகலில் உச்சி தொட்டு, மாலையில் இறங்கும் மணி வடிவம் வரும். உச்சி கத்தியால் சீவியது போலத் தட்டையாக இருந்தால், பேனல்கள் தருவதை இன்வெர்ட்டரின் அளவு தாங்காமல் வெட்டுகிறது. சில அமைப்புகளை இப்படித் தெரிந்தேதான் போடுகிறார்கள், அல்லது வெளியே அனுப்புவதற்கு வரம்பு வைத்திருப்பார்கள். தினமும் ஒரே நேரத்தில் ஒரு கடி கடித்தது போலக் குழி விழுந்தால் நிழல். தண்ணீர்த் தொட்டியோ, ஆன்டெனாவோ, வளர்ந்த கிளையோ. பருவம் மாறும்போது அந்தக் குழி நகரும், காணாமலும் போகும். சூரியன் போகும் பாதை மாறுகிறதல்லவா. வடிவம் அழகாகவே இருந்து உயரம் மட்டும் சரிபாதியாகிவிட்டால், இரண்டு பேனல் வரிசைகளில் ஒன்று முழுவதும் செயலிழந்துவிட்டது. ஃபியூஸோ இணைப்போ போயிருக்கும், ஆளைக் கூப்பிடுங்கள். மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால் அழுக்கு. காலையில் பேனல் குளிர்ச்சியாக இருக்கும்போதே கழுவுங்கள். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் விரிசல் விடலாம்.

நன்றாக வெயிலடிக்கும் நண்பகலில் கோடு திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்து, சில நிமிடத்தில் எழுந்து, மறுபடி விழுந்தால் அது பேனல் பிரச்சினையே அல்ல. லைன் வோல்டேஜ் ஏறுகிறது. 230 வோல்ட் லைனில் பத்து சதவீதம் கூடினால் 253. அந்த மாதிரி ஒரு எல்லை இன்வெர்ட்டரில் பதிந்திருக்கும், தாண்டினால் தன்னைத் துண்டித்துக்கொள்ளும். தெருவில் பலர் சோலார் போட்டு எல்லோரும் நண்பகலில் வெளியே தள்ளும்போது இது நடக்கும். கம்பி மெலிசாகவோ நீளமாகவோ இருந்தாலும் நடக்கும். துண்டிக்கும் நேரத்தில் இன்வெர்ட்டர் திரையில் தெரியும் ஏசி வோல்டேஜைப் படம் எடுத்து வையுங்கள். பின்னால் மின் விநியோகம் செய்பவரிடம் பேசும்போது அதுதான் சாட்சி.

'3.3 கிலோவாட் என்றார்கள், 2.8ஐத் தாண்டவே இல்லையே' என்று குறைபட வேண்டாம். பேனலின் அளவு 25 டிகிரி செல்சியஸில் சோதித்துப் போட்டது. வெயிலில் பேனலுக்குள் இருக்கும் செல்லின் சூடு 60 டிகிரி தொடுவது சாதாரணம். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் இறங்கும் பேனலாக இருந்தால் 35 டிகிரிக்கு 12 சதவீதம் போய்விடும், 3.3 என்பது அப்போதே 2.9. மிச்சம் தூசியிலும் கம்பியிலும் கழியும்.

மழை பெய்த மறுநாள் காலை மட்டும் வரும் பிழை

'ஐசொலேஷன்' அல்லது 'இன்சுலேஷன்' என்ற சொல்லோடு ஒரு பிழை மழைக்குப் பிந்தைய காலையில் வந்து, பத்து மணிக்கு வெயில் ஏறியதும் தானாகப் போய்விட்டால், எங்கோ கம்பியிலோ இணைப்பியிலோ ஈரம் புகுந்து மின்சாரம் தரைக்குக் கசிகிறது. போய்விட்டதே என்று விட்டுவிடாதீர்கள். காய்ந்ததால் ஒளிந்துகொண்டது, அவ்வளவுதான். எலி கடித்த கம்பி, தகரத்தில் உரசிய கம்பி, வெவ்வேறு நிறுவனத்தின் ஆண், பெண் இணைப்பிகளைச் சேர்த்து மாட்டியது எல்லாம் இதில் சேரும். பிழை நிற்கும்போது பேனல் சட்டத்தைத் தொட வேண்டாம். ரீசெட் செய்துகொண்டே இருக்கவும் வேண்டாம். ஆளை வரச்சொல்லும்போது 'ஈரமாக இருக்கும்போதே வாருங்கள்' என்று சொல்லுங்கள். மதியம் வந்தால் மீட்டர் எல்லாம் நன்றாகத்தான் காட்டும்.

ஆப் மட்டும் பொய் சொன்னால்

இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு எரிகிறது, ஆப் செத்துக் கிடக்கிறது. உற்பத்தி நடந்துகொண்டுதான் இருக்கிறது. ரூட்டரையோ கடவுச்சொல்லையோ மாற்றினீர்களா? இன்வெர்ட்டரில் செருகும் சின்ன வைஃபை கருவிகளான டாங்கிள்கள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டும் அறிந்தவை. புது ரூட்டர் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் சில டாங்கிள்கள் குழம்பும். 2.4க்கு மட்டும் தனிப் பெயர் வைத்து அதில் சேர்த்துவிடுங்கள்.

உற்பத்தியின் உச்சி மாலை ஆறு மணிக்கு வருவதாக ஆப் காட்டினால் நேர மண்டலம் தப்பு. நடு இரவில் வெளியே மின்சாரம் அனுப்புவதாகக் காட்டினால் இன்னும் வேடிக்கை. பேட்டரி இல்லாத வீட்டில் இரவில் அனுப்ப எதுவும் இல்லை. மெயின் கம்பியைச் சுற்றி மாட்டிய அளவிக் கவ்வி திரும்பி நிற்கிறது; அதன்மேல் உள்ள அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று கையேட்டில் இருக்கும். சில இன்வெர்ட்டர்களில் அமைப்பிலேயே திசையை மாற்றலாம், பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

பேட்டரி உள்ள வீட்டில்

லித்தியம் பேட்டரி 40 சதவீதம் காட்டிக்கொண்டே திடீரென்று அணைந்தால், பேட்டரி போயிருக்க வேண்டியதில்லை. இதன் வோல்டேஜ் பெரும்பகுதி நேரம் ஒரே மட்டத்தில் நிற்பதால், எவ்வளவு மிச்சம் என்பதை உள்ளே இருக்கும் மின்சுற்று உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எண்ணித்தான் ஊகிக்கிறது. எண்ணிக்கை நாளாக நாளாக விலகும். நடுவில் ஒருநாள் 100 வரை முழுக்க ஏற்றினால் கணக்கு நேராகும். அப்படியும் அதே இடத்தில் விழுந்தால் உள்ளே ஒரு செல் பலவீனம்.

ஈய-அமில பேட்டரியில், முழுக்க ஏற்றிச் சில மணி நேரம் சும்மா விட்ட பிறகு அளந்தால் நிரம்பிய 12 வோல்ட் பேட்டரி 12.6, 12.7 பக்கம் காட்டும். வாலை வடிநீரை (டிஸ்டில்டு வாட்டர்) சார்ஜ் ஏறிய பிறகு நிரப்புங்கள், முன்னால் நிரப்பினால் பொங்கி வழியும். தனியாக சார்ஜ் கன்ட்ரோலர் வைத்த சின்ன அமைப்புகளில் மாட்டும்போது பேட்டரி முதலில், பேனல் அடுத்து. கழற்றும்போது பேனல் முதலில். வரிசை மாறினால் கன்ட்ரோலர் பலியாகலாம்.

ஆளைக் கூப்பிடும் முன்

'சோலார் வேலை செய்யவில்லை' என்று போனில் சொன்னால் வருபவர் வெறுங்கையோடுதான் வருவார். இன்வெர்ட்டரின் மாடலும் வரிசை எண்ணும் தெரியும் படம், பிழை எண் தெரியும் படம், கோளாறான நாளின் வரைபடம், அதே மாதத்தில் நன்றாக இருந்த ஒரு நாளின் வரைபடம், எத்தனை மணிக்கு வருகிறது, அப்போது வானிலை எப்படி. இவற்றை அனுப்பிவிட்டுப் பேசுங்கள். மென்பொருள் கோளாறுக்கும் பதிப்பு எண், பிழை வாசகம், எந்தப் பொத்தானை அழுத்தியதும் வந்தது என்ற மூன்றும் போதும். ஷீட்டை அனுப்பினால் அசலை அனுப்பாதீர்கள்; நகல் எடுத்து, பெயர்களை நீக்கி, தப்பு வரும் பத்து வரிசையை மட்டும் வைத்து அனுப்புங்கள். அந்தப் பத்து வரிசையைப் பிரித்தெடுக்கும்போதே பாதித் தடவை விடை கண்ணில் பட்டுவிடுகிறது, அனுப்பவே வேண்டியிருப்பதில்லை.

என் பேனல்கள் அந்த வருடம் தந்தது 4,700 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல், தேதி சரியான பிறகு தெரிந்தது. மாதங்களும் தங்கள் தங்கள் உயரத்துக்குத் திரும்பிவிட்டன. கழுவியதால் எத்தனை யூனிட் கூடியது என்று மட்டும் இன்றுவரை கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.